பாத்துக்கறோமுங்க

என் சின்ன மாமா சாப்பிடும்போது பெருவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும்தான் தட்டில் இறங்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு கிடையாது. தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டை நம்ப முடியாமல் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனவர் அவர். மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் இரவு ஷிப்ட்டில், பெடலை ஒருமுறை மிதித்ததற்குப் பிரஸ் இரண்டு முறை இறங்கியது.

முதலாளி நல்லவர். தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். செலவு முழுவதும் கட்டினார். மூன்று மாதச் சம்பளத்தை ஊருக்கே கொண்டுவந்து என் தாத்தாவின் கையில் கொடுத்து, "கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார். சொன்னபடி சில வருஷம் பார்த்துக்கொள்ளவும் செய்தார். மாமாவுக்கு அதே பட்டறையில் வாட்ச்மேன் வேலை, தீபாவளிக்குத் துணிமணி. பிறகு அவர் காலமானார். மகன்கள் இடத்தை விற்றார்கள். அந்த வார்த்தையும் அத்தோடு போயிற்று. மாமா இன்றுவரை அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்ல எனக்கும் மனம் இல்லை. ஆனால் அந்த "பாத்துக்கறோமுங்க" என்ற சொல் என்னை வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைத் தேடித்தான் மூன்று நாள் கொங்கு நாட்டைச் சுற்றினேன்.

பையில் ஒரே ஒரு நகல் வைத்திருந்தேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. மனித உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எது போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்த பட்டியல் அது. பெருவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, நான்கு விரல் போனால் 50. ஒரு கண் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 40. முதல்முறை படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, தொழிலாளியின் சுண்டு விரலையும் விடாமல் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

முதல் நாள் காலை காந்திபுரத்தில் பஸ் ஏறி கணபதியில் இறங்கினேன். சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ஆவாரம்பாளையம் வரை நடந்தால், வீட்டுக்கு வீடு பட்டறைதான். கீழே லேத், மாடியில் குடும்பம். வாசலில் கோலம், கோலத்தின் ஓரத்தில் இரும்புச் சுருள் குப்பை. கூலன்ட் எண்ணெய் வாசமும் சாம்பார் வாசமும் ஒன்றாக வரும் தெருக்கள் வேறெங்கும் நான் கண்டதில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லுக்கு உதிரிபாகம், கிணற்றுக்கு மோட்டார் பம்பு, சமையலறைக்கு கிரைண்டர் என்று பெருகியது இந்த ஊர். அதன் பெரும்பகுதி இந்த மாதிரி ஏழு பேர், எட்டுப் பேர் பட்டறைகளின் முதுகில்தான் நிற்கிறது.

தெரிந்தவர் மூலம் ஒரு பிரஸ் பட்டறைக்குள் போனேன். தகரக் கூரை, நான்கு பிரஸ். முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும்.

"நானும் இதே மிஷின்ல எட்டு வருஷம் உக்காந்தவனுங்க" என்று இடது கையைக் காட்டினார். சுண்டு விரல் நுனி தட்டையாக, நகமில்லாமல் இருந்தது.

பிரஸ் எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். பக்கவாட்டில் பெரிய இரும்புச் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது. பெடலை மிதித்தால், கிளட்ச்சுக்குள் இருக்கும் சிறு எஃகுச் சாவி ஒன்று அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. உடனே மேல்தலை இறங்கி, கீழே உள்ள டையில் தகட்டை வெட்டி, மறுபடி மேலே ஏறி நிற்கிறது. பையன் இடது கையால் தகட்டுப் பட்டையைத் தள்ளுகிறான், வலது கையால் வெட்டின துண்டை எடுக்கிறான், காலால் மிதிக்கிறான். தள்ளு, மிதி, எடு. ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் என் கண்ணால் தொடர முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கை டைக்குள் போய் வருகிறது.

இந்தப் பழைய சாவி கிளட்ச்சில் ஒரு கொடுமை உண்டு. சாவி ஒருமுறை விழுந்துவிட்டால் சுற்று முடியும்வரை எதனாலும் நிறுத்த முடியாது. சாவி தேய்ந்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, மேலே போய் நிற்க வேண்டியது நிற்காமல் இன்னொரு தரம் இறங்கும். மாமாவுக்கு நடந்தது அதுதான். கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளிக்கதிர் சென்சாரை இதில் மாட்டிப் பயனில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்குத்தான் அது வேலை செய்யும். இதற்கு வழி, டையைச் சுற்றி விரல் நுழையாத கம்பித் தடுப்பு. இல்லாவிட்டால் கைக்குப் பதில் இடுக்கியால் துண்டை எடுப்பது. அந்தப் பட்டறையில் இடுக்கி இருந்தது, ஆணியில் தொங்கியது.

"இடுக்கில எடுத்தா பீஸ் கம்மியாயிருதுங்க. பீஸுக்குத்தான் கூலி. பசங்களே வேண்டாங்கறாங்க" என்றார் முதலாளி. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பீகாரிலிருந்து வந்தவன், எங்கள் பேச்சு அவனுக்குப் புரியவில்லை.

"ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் ஏதாச்சும் எடுத்திருக்கீங்களாண்ணா?"

"மிஷினுக்கு இருக்குதுங்க. லோன் போட்டப்ப பேங்க்லயே எடுத்துட்டாங்க."

"ஆளுங்களுக்கு?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சற்று நேரம் யோசித்தார். "ஏழு பேருங்க. எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க மாதிரிதான். ஒண்ணு ஆச்சுன்னா நாமதானுங்க பாத்துக்கணும்."

அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்கு என் தாத்தாவின் திண்ணை ஞாபகம் வந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயம். ஏழு பேர் பட்டறை அதில் வராது. ஆனால் இழப்பீட்டுச் சட்டம் அங்கேயும் உண்டு. பவர் பிரஸ் ஓட்டுகிறவன் ஒரே ஒருவனாக இருந்தாலும் அது அவனுக்குப் பொருந்தும். ஜெர்மனி 1884-லும் பிரிட்டன் 1897-லும் கண்ட வழியை இந்தியா 1923-இல் எடுத்துக்கொண்டது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. அதன் உயிர்நாடி ஒன்றுதான்: முதலாளி தப்புச் செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் இருந்தபோது, வேலையால் அடிபட்டது என்றால் போதும். கருணைக்கு அங்கே இடம் தேவைப்படவில்லை, வழக்காடவும் தேவைப்படவில்லை.

அந்தப் பட்டறை மேசையிலேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 30 வயது ஆள், மாதச் சம்பளம் 15,000. 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுக்கும் உச்ச வரம்பும் அதுதான், 22,000 வாங்கினாலும் 15,000 என்றே கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. இரண்டு விரலுக்கு அதில் 20 சதவீதம்: 3,74,364 ரூபாய். உயிரே போனால் 60-க்குப் பதில் 50 சதவீதம், 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாதி வரை அபராதம். ஆஸ்பத்திரிச் செலவு இதற்கு மேல்.

அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "பதினஞ்சு லட்சம்னா பட்டறையே போயிருமுங்களே" என்றார் மெதுவாக. ஆமாம், போய்விடும். அதற்குத்தான், இந்த இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் டபிள்யூ.சி. (தொழிலாளர் இழப்பீட்டு) பாலிசி என்று ஒன்று இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பட்டறையும் பிழைக்க வேண்டும், விரல் போனவன் குடும்பமும் பிழைக்க வேண்டும். ஏழு பேரின் முதலாளியால் அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்க முடியாது.

அன்று மாலை மேட்டுப்பாளையம் ரோட்டில் கங்கா மருத்துவமனை வழியாகப் போனேன். 1978-இல் டாக்டர் சண்முகநாதன் தொடங்கியது. துண்டான விரலையும் கையையும் நுண்ணறுவைச் சிகிச்சையில் ஒட்டவைப்பதில் உலகம் அறிந்த இடம் அது. நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க அங்குள்ள மருத்துவர்கள் வகுத்த மதிப்பெண் முறை இந்த மருத்துவமனையின் பெயராலேயே வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் வழங்குகிறது. இத்தனை கைகள் இயந்திரத்தில் சிக்குகிற ஊரில் கைகளுக்கு இப்படியொரு வைத்தியம் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. பட்டறைக்காரர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். துண்டான விரலை ஐஸில் நேராகப் போடக் கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நேரத்தை வீணாக்கவே கூடாது.

இரண்டாம் நாள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் முதன்முதலில் தொடங்கியது இந்தக் கோயம்புத்தூரில்தான். மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதால் அந்தப் பெருமை. சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டினால் போதும், 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு வைத்தியம், விபத்தில் வீட்டில் இருக்கும் நாளுக்கு 90 சதவீதச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதப் பணம். வேலை விபத்து என்றால் இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

வெளிநோயாளி வரிசையில் கட்டுப்போட்ட கையோடு ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபவுண்டரியில் வேலை. ஈரம் காயாத மோல்டில் உருக்கிய இரும்பு விழுந்து தெறித்திருக்கிறது. அவருக்குச் சம்பளத்தைப் பற்றி அப்போது கவலை இருக்கவில்லை. "இ.எஸ்.ஐ. இருக்குதுங்க, வந்துரும்" என்றார், ரேஷன் கடையில் அரிசி வந்துவிடும் என்பது போல. அந்த மூன்று நாளில் நான் கேட்ட பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். யார் தயவையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதே வரிசையில், "எங்க கம்பெனில ஒம்பது ஆளுக்கு மேல கணக்குல ஏறாதுங்க" என்று சொன்னவரும் இருந்தார். இருபது பேர் வேலை செய்வார்கள், பதிவேட்டில் ஒன்பது பேர் இருப்பார்கள். இப்படிச் செய்கிற முதலாளிகள், மிச்சமாகும் சில ஆயிரத்துக்காக, நாளை லட்சக்கணக்கில் இழப்பீட்டைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். இது எனக்குச் சுத்தமாகப் புரியாத கணக்கு.

மத்தியானம் பாசஞ்சரில் சோமனூர் போனேன். இருகூர், சூலூர் ரோடு தாண்டினால் சோமனூர். ஸ்டேஷனில் இறங்கும்போதே தறிச் சத்தம் காதில் விழுகிறது. ஒரு தறிக்குடோனுக்குள் பன்னிரண்டு தறி. உள்ளே பேச வேண்டுமானால் வாயைக் காதோடு வைக்க வேண்டும். அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை வெளியே அழைத்து வந்து வேப்பமரத்தடியில் பேசினார். ஐந்து வருஷத்துக்கு முன் பக்கத்துத் தறியிலிருந்து நாடா (ஷட்டில்) தெறித்து அவர் கணவரின் கண்ணில் அடித்திருக்கிறது. உலோக முனையுள்ள நாடா. கண் போய்விட்டது.

"யார்கிட்டப் போய்க் கேக்கறது கண்ணு? தறி ஒருத்தருது. நூலு இன்னொருத்தருது. துணி எடுத்துட்டுப் போறவங்க வேற. ஆளாளுக்குக் கையைக் காட்டுனாங்க."

சட்டம் இந்தக் கையைக் காட்டும் வேலைக்கு ஓரளவு தடை போட்டிருக்கிறது. ஒருவர் தன் தொழிலில் ஒரு பகுதியை கான்ட்ராக்ட் விட்டு, அது அவருடைய இடத்திலேயே நடக்கிறது என்றால், கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். கொடுத்ததை அவர் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆனால் தறிக்காரர் தன் குடோனில் கூலிக்கு நெய்து கொடுக்கும் இந்த ஊரின் முறையில், இழப்பீடு பெரும்பாலும் அந்தத் தறிக்காரர் தலையில்தான் விழும். அவரோ பாதி நேரம் தானே தறி ஓட்டுகிறவர், கூலி உயர்வுக்காக வருஷாவருஷம் வேலைநிறுத்தம் செய்கிறவர். துணி எடுத்துப் போகிறவர்கள் மீட்டர் கூலியோடு இன்சூரன்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் இங்கே வழி பிறக்கும். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். அப்போது எவ்வளவு கொடுத்தார்கள்? "இருபதாயிரம். ஒரு பத்திரத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க, இனிமே கேக்க மாட்டோம்னு." அப்படி உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் செல்லாது. இழப்பீட்டைக் குறைக்கிற எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1923 சட்டமே சொல்கிறது. சாவு நடந்த வீட்டுக்கு இன்னும் கண்டிப்பு. முதலாளி இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மார்ச்சுவரி வாசலில் உறவுக்காரர்களிடம் கொடுத்த பணத்தால் இழப்பீடு கொடுத்து முடித்ததாக ஆகாது. இது ஒரு கோடித் தடவை சொல்லப்பட வேண்டிய சேதி.

மூன்றாம் நாள் ஈரோடு வழியாகத் திருச்செங்கோடு. மலையை அர்த்தநாரீஸ்வரர் பார்த்துக்கொள்ள, கீழே ஊர் முழுக்க ரிக் வண்டிகள். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆழ்துளைக் கிணறு போடுவது இந்த ஊர் வண்டிகள். அடிபடுகிறவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் கிடப்பான், மனைவி இங்கே இருப்பாள். வண்டி ஷெட்டில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமலிருந்த ஒன்றைச் சொன்னேன்: விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்றில்லை, குடும்பம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆவாரம்பாளையத்துப் பீகார்ப் பையனின் தாய்க்கும் அது பொருந்தும். அவள் கோயம்புத்தூருக்கு ரயிலேற வேண்டியதில்லை.

திரும்பும் பஸ்ஸில் அட்டவணையை மறுபடி பிரித்து வைத்துக்கொண்டேன். ஒடிசாவில் சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த ஒரு தச்சரின் வழக்கு ஞாபகம் வந்தது. 1968-இல் கீழே விழுந்து இடது கை முழங்கைக்கு மேல் எடுக்கப்பட்டது. அட்டவணைப்படி அது 100 சதவீதம் ஆகாது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்புதான் என்றார் ஆணையர். தொகை 9,800 ரூபாய். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் ஆணையர் சொன்னதே சரி என்றார்கள். விபத்து நடந்த அன்றே இழப்பீடு கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் சொன்னார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தீர்ப்பைத்தான் வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

1923 சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது; அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விரல் அட்டவணையும் வயதுக் காரணியும் அதிலும் தொடர்கின்றன. வேலைக்குப் போகும் வழியில், வேலை முடிந்து வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், இப்போது வேலை விபத்துதான். இரவு ஷிப்ட் முடிந்து அவிநாசி ரோட்டில் இரண்டு சக்கர வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பாலிசி எடுங்கள். எடுக்கும்போது உண்மையான ஆள் கணக்கையும் உண்மையான சம்பளத்தையும் எழுதுங்கள். நான்கு பேருக்கு எடுத்துவிட்டு ஏழு பேரை வேலைக்கு வைத்தால், விபத்தன்று அந்தத் தாள் உதவாது. ஆஸ்பத்திரிச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பல பாலிசிகளில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அபராதம் என்று வந்தால் அதை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது, உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆணியில் தொங்கும் இடுக்கியை எடுத்துப் பையன் கையில் கொடுத்து, பீஸ் குறைவதற்கு ஈடாகக் கூலியில் நாலு காசு கூட்டிக் கொடுங்கள்.

தொழிலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும். என் மாமாவிடம் இந்த விவரத்தை நான் சொன்ன அன்று, அவர் விரல்கள் போய் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.